காயம்பட்டவரின் சொல்

கபிலவஸ்துவின் வீதியில் இளவரசர் சித்தார்த்தர் ஒரு நோயாளியைக் கண்டார் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் வரலாறு. முதியவர் ஒருவர், நோயாளி ஒருவர், பிணம் ஒன்று, துறவி ஒருவர் என நான்கு காட்சிகள் அந்த இளைஞரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டன. இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அந்த நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரைப் பற்றி விளக்கியவன் தேரோட்டி. அவர் யார், எப்படி நோயுற்றார், தம்மைக் கண்டு இளவரசர் திகைத்து நின்றது அவருக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் காட்சியாக இருந்தார். காட்சி முடிந்ததும் கதையிலிருந்து மறைந்துவிட்டார்.

அந்த நோயாளியே எழுந்து, "இளவரசே, சற்று நில்லுங்கள், நான் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போங்கள்" என்று பேசத் தொடங்கியிருந்தால்? கடந்த நாற்பது ஆண்டுகளாக உலகின் சில பகுதிகளில் ஏறக்குறைய இதுதான் நடந்துவருகிறது. விபத்தில் மூளை காயமுற்று, நீண்ட சிகிச்சைக்குப் பின் மீண்டவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தாமாக முன்வந்து சென்று, இளைஞர்கள் முன் நின்று தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். அந்தச் செயல் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் அடங்கியுள்ள அறக்கேள்வி எளிதானதன்று. ஒரு மனிதரின் துன்பத்தை இன்னொருவருக்குப் பாடமாக்கலாமா? ஆக்கலாம் என்றால், அந்தப் பாடத்தை நடத்துபவர் யார்: துன்புற்றவரா, அவரை மேடையில் நிறுத்துகிறவரா?

ஹெப்பாளில் ஒரு மாலை

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வோம். மைசூரு நகரின் வடமேற்கில் உள்ளது ஹெப்பாள். (பெங்களூருவில் மேம்பாலத்தால் பெயர்பெற்ற ஹெப்பாள் வேறு.) ஏரியும் தொழிற்பேட்டையும் சேர்ந்த பகுதி இது. சிறிதும் பெரிதுமான ஆலைகள், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகம் ஆகியவை இங்கே உள்ளன. படிப்பை முடித்து முதல் வேலையில் காலடி வைக்கும் இளைஞர்கள் நாடெங்கிலுமிருந்து இங்கு வந்து தங்குகிறார்கள். இதைப் படிக்கும் அன்பர்கள் சிலரின் வீட்டுப் பிள்ளைகளும் இந்தச் சாலைகளில் சென்றிருக்கக்கூடும்.

ஆலைகளில் ஷிப்டு மாறும் மாலை நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் இருசக்கர வாகனங்கள் அலையலையாக வரும். தலைக்கவசம் பலருக்குத் தலையில் இருக்கும். சிலருக்கு முழங்கையில் தொங்கும். சிலருக்குப் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் அமர்ந்திருப்பவர்களின் தலைகள் பெரும்பாலும் வெறுந்தலைகளே. பின்னிருக்கையில் செல்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கர்நாடக அரசு 2016 ஜனவரியிலேயே கட்டாயமாக்கிவிட்டது. சட்டம் தலைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பது சட்டத்தின் கையில் இல்லை போலும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். மூவரில் இருவர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்று இறந்தோர் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் வாகனத்தை ஓட்டியவர்களல்லர், பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, தலைக்கவசம் அணிவது தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறக்குறைய 69 விழுக்காடும், மரணத்தின் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. இந்த எண்களை அறியாத இளைஞர் இல்லை என்று சொல்லிவிடலாம். எண் தெரியாவிட்டாலும் அதன் பொருள் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறாத கவசத்தை ஏற்றத்தான் காயம்பட்டவரின் சொல் தேவைப்படுகிறது.

மேற்சொன்னது இறந்தவர்களின் கணக்கு. இறவாமல் மீண்டும், முன்பு இருந்தவராக மீளாதவர்களின் நிலை வேறு. மூளையின் எடை சுமார் 1,400 கிராம். கட்டித் தயிரைப்போல மென்மையானது. மண்டையோட்டின் உட்புற அடித்தளமோ மேடும் பள்ளமும் நிறைந்தது. வேகமாகச் செல்லும் தலை திடீரென்று நிற்கும்போது உள்ளே இருக்கும் மூளை உடனே நின்றுவிடுவதில்லை. அதன் முன்பகுதியும் பக்கப்பகுதிகளும் எலும்பில் உராய்கின்றன, உள்ளே செல்லும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. எலும்பு முறியாமலே இது நிகழலாம். சிதைவது பெரும்பாலும் எந்தப் பகுதி என்றால், திட்டமிடுதல், சினத்தை அடக்குதல், நினைவில் வைத்தல் என்று நாம் 'பண்பு' என்ற சொல்லால் குறிப்பிடும் பலவற்றுக்கும் கருவியாக உள்ள பகுதி.

ஓராண்டு கழிந்தால் தழும்பை முடி மறைத்துவிடும். அவர் நடக்கிறார், சிரிக்கிறார், சாப்பிடுகிறார். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆனால் அரை மணி நேரம் படித்தால் நாள் முழுதும் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருமண மண்டபத்து நாதசுரமும் பேச்சொலியும் ஒன்றாகக் கலந்து தாங்க முடியாத இரைச்சலாகின்றன. தெரிந்த முகத்துக்குப் பெயர் வருவதில்லை. சிலருக்கு மோப்பமே போய்விடுகிறது. பால் திரிந்தது தெரிவதில்லை, அடுப்பில் தீய்வது தெரிவதில்லை. எதிர்பாராத நேரத்தில் பீறிட்டு வரும் கோபம், வந்த சுவடின்றி அடங்கிய பிறகு அவரையே வெட்கத்தில் ஆழ்த்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. மூளைக்காயம் என்று அதில் தனி வகை இல்லை. அதன் விளைவுகள் சில வெவ்வேறு தலைப்புகளின்கீழ் சிதறிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஊனத்தைச் சட்டம் காண்பதற்கும் நேரம் ஆகிறது. இந்நிலையில் அதைப் பிறருக்குக் காட்ட வல்லவர் ஒருவர்தான், அதனுள் வாழ்கிறவர்.

மேடைக்கு வந்த வரலாறு

அமெரிக்காவின் நரம்பியல் அறுவை மருத்துவர்களின் இரு சங்கங்கள் 1986-ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கின. இரவு பகலாக இளைஞர்களின் மண்டையைத் திறந்து அறுவை செய்து சலித்த மருத்துவர்கள், காயம் நிகழும் முன்பே தடுக்க வழியில்லையா என்று எண்ணியதன் விளைவு அது. 1990-இல் அத்திட்டத்துக்கு 'திங்க்ஃபர்ஸ்ட்' என்று பெயரிட்டார்கள். முதலில் சிந்தி என்பது பொருள். அதன் நடுநாயகம் மருத்துவர் அல்லர். மூளையிலோ முதுகுத்தண்டிலோ காயமுற்று மீண்ட ஒருவர் வகுப்பறைக்கு வந்து பேசுவதே அதன் முறை. அதே 1986-இல் கனடாவின் டொரண்டோ நகரிலும் சன்னிபுரூக் மருத்துவமனை இதையொத்த முயற்சியைத் தொடங்கி, அது பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டில் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் சிலர். ஜோத்பூர் அரச குடும்பத்தின் சிவராஜ் சிங் 2005-இல் ஜெய்ப்பூரில் போலோ ஆட்டத்தின்போது குதிரையிலிருந்து விழுந்து மூளையில் கடுங்காயம் அடைந்தார். அவருடைய தந்தை கஜ் சிங் 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையை நிறுவினார். முதுகுத்தண்டுக் காயத்தை எடுத்துக்கொண்டால், 1975-இல் பெங்களூருவில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி சீனிவாசன், 1998-இல் புதுச்சேரிக் கடற்கரையில் அலையில் நிலைதடுமாறியதில் கழுத்துத்தண்டு காயமுற்றார். 2013-இல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கி, சக்கர நாற்காலியிலிருந்தபடியே எத்தனையோ மேடைகளில் பேசிவருகிறார்.

முதுகுத்தண்டில் காயமுற்றவரின் சொல்லை உலகம் எளிதில் ஏற்கிறது. உடல் அசையாது, அறிவு தெளிவாக இருக்கிறது என்பதால் கேட்பவருக்குக் குழப்பம் இல்லை. மூளையில் காயமுற்றவர் பேச வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பேசும் கருவியே காயமுற்றிருக்கிறது. அவர் சொல்லை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்வது?

அச்சம் கற்பிக்குமா?

அதற்கு முன் இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, அவரை அச்சத்தின் கருவியாக்குவது. 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராவே சிறைச்சாலையின் ஆயுள் கைதிகள் தவறான வழியில் செல்லும் சிறுவர்களை உள்ளே வரவழைத்து, கூச்சலிட்டு மிரட்டி, சிறைவாழ்வின் கொடுமையைக் காட்டினார்கள். 1978-இல் அதைப் பற்றிய திரைப்படம் ஒன்றும் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. பிறகு முறையாக ஆராய்ந்தபோது, அங்கே அழைத்துச் செல்லப்பட்ட சிறுவர்கள் அழைத்துச் செல்லப்படாதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் ஈடுபட்டது தெரியவந்தது. ஏன் என்று அறிய பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பதினேழு வயது இளைஞனிடம் 'இதோ ஓர் ஆபத்து' என்று மட்டும் சொன்னால், 'என்னால் அதை வெல்ல முடியும்' என்று அவன் மனம் உடனே விடை சொல்கிறது. அச்சுறுத்தல் அவனுக்குச் சவாலாகிவிடுகிறது.

இரண்டாவது ஆபத்து, அவரைக் காட்சிப்பொருளாக்குவது. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மாண்ட் பகுதியில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும் குழுவின் தலைவராக இருந்தவர் ஃபினியாஸ் கேஜ். வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்ததில் ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பண்பாளராக அறியப்பட்டவர் சிடுசிடுப்பும் நிலையின்மையும் உடையவராகிவிட்டார் என்றும், தாங்கள் அறிந்த கேஜ் இவரல்லர் என்று நண்பர்கள் கருதினர் என்றும் அவருடைய மருத்துவர் பதிவு செய்தார். மூளையியல் பாடநூல்கள் இன்றும் இதைச் சொல்கின்றன. கேஜ் தம் இரும்புக் கம்பியோடு நியூயார்க்கில் ஒரு காட்சிசாலையில் சிறிது காலம் நின்றதும் உண்டு. மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பாடநூல்கள் பல சொல்லாமல் விடுவது இதற்குப் பிந்திய பகுதி. அவர் சிலி நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார். பல குதிரைகளைக் கட்டுப்படுத்திப் பயணிகளைக் கொண்டுசேர்க்கும் வேலை, பொறுமையும் திட்டமும் இல்லாதவரால் ஆகக்கூடியதா? 1860-இல் அவர் இறந்தார். அவருடைய மண்டையோடும் கம்பியும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் அருங்காட்சியகத்தில் உள்ளன. கேஜைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். தமக்கு நேர்ந்ததைப் பற்றி இளைஞர்களிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதாக வரலாறு இல்லை. கபிலவஸ்துவின் நோயாளியைப் போலத்தான் அவரும்.

நினைவில் இல்லாததற்குச் சான்று

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். நியாய சாஸ்திரம் 'சப்தம்' என்பதை அறிவின் வாயில்களுள் ஒன்றாக ஏற்கிறது. நம்பத்தக்கவரின் சொல்லே அது. நம்பத்தக்கவர், அதாவது ஆப்தர், யார்? ஒன்றை நேரில் அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உரைக்க விரும்புகிறவர் என்று வாத்ஸ்யாயனர் தம் உரையில் விளக்குகிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் சேர்த்துச் சொல்கிறார். குலமோ பட்டமோ அங்கே தகுதியில்லை; நேரில் அறிந்தாரா என்பதே தகுதி.

இந்த அளவுகோலை வைத்தால் உடனே ஒரு தடை எழுகிறது. மூளையில் கடுங்காயமுற்றவர்களுக்குப் பெரும்பாலும் விபத்து நினைவிருப்பதில்லை. விபத்துக்கு முந்தைய நிமிடங்களோ மணி நேரங்களோ, பிந்தைய நாட்களோ வாரங்களோ அவர்களுக்கு வெற்றிடம். மறந்துபோனார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பொழுதுகள் மனத்தில் பதியவே இல்லை. சாலை எது, எதிரே வந்தது என்ன, யார் தூக்கினார்கள் என்பதையெல்லாம் அவரும் பிறர் சொல்லித்தான் அறிகிறார். கேட்க வந்த இளைஞர்களோ அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "எப்படி நடந்தது?" தம் வாழ்க்கையின் மிகப் பெரிய நிகழ்ச்சிக்கு அவர் சாட்சி இல்லை.

மயக்கம் என்ற இந்த நிலையை நம் ஆசாரியர்கள் ஆராயாமல் விடவில்லை. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. அதற்கு உரை வகுக்கும் சங்கரர், மூர்ச்சை என்பது விழிப்பும் அன்று, கனவும் அன்று, ஆழ்ந்த உறக்கமும் அன்று, மரணமும் அன்று என்று ஒவ்வொன்றாக விலக்குகிறார். உறக்கத்துக்குக் காரணம் களைப்பு, மூர்ச்சைக்குக் காரணம் உலக்கையால் தாக்குண்டது போன்றவை என்கிறார். உறங்குபவரின் முகம் அமைதியாக இருக்கிறது, மூச்சு சீராக வருகிறது. மூர்ச்சையுற்றவரின் முகம் கோணுகிறது, உடல் நடுங்குகிறது என்று ஒரு மருத்துவரைப் போல வேறுபடுத்துகிறார். அதை மரணத்தின் வாயில் என்றும் குறிப்பிடுகிறார். ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிய வேதாந்த வாதங்களை அப்படியே கோமா நிலைக்குப் பொருத்தி, 'அங்கே ஆனந்தம் இருந்தது' என்று சொற்பொழிவாற்றும் அன்பர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிப்பது நல்லது.

அப்படியானால் காயம்பட்டவரின் சொல் ஆப்தவாக்கியம் ஆகுமா? ஆகும், அவர் எதற்குச் சான்று சொல்கிறார் என்பதை நாம் சரியாகப் புரிந்துகொண்டால். மோதிய அந்த நொடிக்குச் சான்று சொல்லக் காவல்துறையின் பதிவும் கடைக்காரரின் கேமராவும் போதும். அவர் நேரில் அறிந்தது அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நாளையும். பெயர் வராமல் தவித்தது, திரிந்த பாலைக் குடித்தது, தாயிடம் கத்தியது, நண்பர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தியது. விபத்தைக் கேட்க வந்த இளைஞனுக்கு அவர் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறார். விபத்து நொடியில் முடிகிறது, அதற்குத் துணிந்துவிடலாம் என்று எண்ணும் வயது அது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் செவ்வாய்க்கிழமைகளுக்கு அந்த வயதின் வீரத்தில் விடை இல்லை. அச்சுறுத்தலுக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிகிறது.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. 'நான்தான் அன்று தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினேன்' என்று அவர் சொல்கிறார். ஓட்டியதோ அவர் நினைவில் இல்லை. நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அதே ஆளாக வைத்திருக்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் வாதிட்டார். அவர் வழியில் சென்றால், நினைவில் இல்லாத செயலுக்கு இந்த மனிதர் பொறுப்பாளி ஆக மாட்டார். 'அது நானன்று' என்று கைகழுவலாம். போதாததற்கு, காயத்துக்குப் பின் தன்மையும் மாறியிருக்கிறது, வீட்டாரே 'பழைய பிள்ளை இல்லை' என்கிறார்கள். இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் அவர் வெளியேறாமல், நினைவில்லாத ஒரு செயலைத் தம்முடையது என்று ஏற்றுக்கொள்கிறார். நாமோ நன்றாக நினைவிருக்கும் செயல்களுக்கே சூழ்நிலையையும் காலத்தையும் காரணம் காட்டுகிறோம்.

அவ்வாறு ஏற்கும் அந்த 'நான்' எது? மூளை சிதைந்தால் பண்பு மாறுகிறது, நினைவு அழிகிறது. ஆகவே மூளைக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நம் அன்பர்கள் சிலர் இதைக் கேட்டுக் கலங்குவதையும் கண்டிருக்கிறேன். சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் உண்ணாமல், நீர் மட்டும் பருகி இருக்கச் சொல்கிறார். பிறகு வேதத்தை ஓதச் சொன்னால், பன்னிரண்டு ஆண்டுகள் கற்ற ஒன்றும் அவனுக்கு நினைவுக்கு வருவதில்லை. உண்டபின் எல்லாம் திரும்புகிறது. பெருந்தீயில் மின்மினி அளவு கங்கு எஞ்சியிருந்தாலும் துரும்பிட்டு மூட்டிவிடலாம் என்று தந்தை உவமை சொல்கிறார். மனம் அன்னத்தால் ஆனது என்பதே அங்கே உபதேசம். மனமும் நினைவும் பருப்பொருளைச் சார்ந்தவை என்பதை உபநிஷதம் தானே சோதித்துக் காட்டுகிறது. அதைக் கண்டு அது அஞ்சவில்லை. அறிகின்ற கருவி பழுதுபடலாம். பழுதையும் அறிவதாக ஒன்று இருக்கிறது என்பதுதான் வேதாந்தத்தின் நிலை. 'எனக்குப் பெயர்கள் வருவதில்லை' என்று ஒருவர் சொல்லும்போது, வராமையை அறிந்து சொல்பவர் அங்கே இருக்கிறார். இதை நான் நிரூபணமாக முன்வைக்கவில்லை; தம் குறையை அறியவே இயலாத அளவுக்குக் காயமுற்றவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நிலையை இந்த வாதம் எளிதில் தொட்டுவிடாது. ஆயினும் மேடையில் நிற்பவரைக் கெட்டுப்போன கருவியாகப் பார்க்காமல், கெட்ட கருவியைக் கொண்டு பேச முயலும் ஒருவராகப் பார்க்க இந்தத் தெளிவு உதவும். மருத்துவர் காணும் அந்த மின்மினிக் கங்கையும் அது மறுப்பதில்லை. மாதக்கணக்கில் துரும்பு துரும்பாக ஊட்டித்தான் அது மூட்டப்படுகிறது.

கேட்பவரின் கடன்

கேட்பவர்களிடம் காணப்படும் பிழைகள் மூன்று நான்கைச் சொல்ல வேண்டும். 'அவர் வினைப்பயன்' என்று முணுமுணுப்பது முதலாவது. கர்மக் கொள்கை ஒருவர் தம் வாழ்க்கைக்குத் தாமே பொறுப்பேற்க உதவும் விளக்கு. அடுத்தவர் முகத்தில் அடிக்க அதைத் தூக்கினால் அது விளக்காக இருப்பதில்லை. மேலும், காயமுற்றவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் அல்லர். நடந்து சென்றவர், பின்னால் அமர்ந்திருந்தவர், விதியை மதித்து ஓட்டியும் பிறரால் இடிபட்டவர் எனப் பலர் உண்டு. அமைப்பாளர்கள் 'நான் தவறு செய்தேன்' என்று சொல்பவரையே தேடுகிறார்கள். கதைக்கு அது வசதி. 'நான் ஒரு தவறும் செய்யவில்லை, வேறொருவரின் அவசரத்தால் இப்படி ஆனேன்' என்று சொல்பவரையும் அழைக்க வேண்டும். தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாத இளைஞன்கூட, இன்னொருவரை இந்த நிலைக்கு ஆளாக்கலாம் என்ற எண்ணத்தில் நிதானிப்பான்.

இன்னொரு பிழை நுட்பமானது. மேடைக்கு வருபவர் மீண்டவர்களில் மிக நன்றாக மீண்டவர். அவர் நகைச்சுவையாகப் பேசுகிறார், மன உறுதியைப் பற்றிச் சொல்கிறார், அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. வீடு திரும்பும் இளைஞன், 'அடிபட்டாலும் மீண்டுவிடலாம் போலிருக்கிறதே' என்று எண்ணிவிட்டால்? பேச முடியாதவர்கள் பேச வருவதில்லை. ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மானசகங்கோத்ரியில், 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. மூளை பாதிப்பால் மொழியை இழந்தவர்கள் 'தண்ணீர்', 'அம்மா' என்ற சொற்களை மீண்டும் கற்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. மேடையில் சரளமாகப் பேசுபவருக்குப் பின்னால் அத்தகையவர்களின் நீண்ட வரிசை நிற்கிறது. பேசுபவர் அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வது அவருடைய ஆப்தத் தன்மையின் பகுதியே. நல்ல பேச்சாளர்கள் அதைச் சொல்கிறார்கள்.

இது சேவையா, அல்லது அவரைப் பயன்படுத்திக்கொள்வதா என்ற கேள்வி எஞ்சுகிறது. வேலை இழந்து, நட்பு இழந்து, வீட்டில் பிறரைச் சார்ந்தே இருக்க நேர்ந்த ஒருவருக்கு, 'உங்களால் எங்களுக்கு ஆக வேண்டியது இருக்கிறது' என்ற அழைப்பு எவ்வளவு பெரியது என்பதை உணர வேண்டும். நெடுங்காலம் வாங்கிக்கொண்டே இருந்த கை முதன்முறையாகக் கொடுக்கிறது. அதே காரணத்தால் அவர் மறுக்க முடியாமல் ஒப்புக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். தழும்பைக் காட்டச் சொல்லக் கூடாது. மருத்துவமனைப் படங்களை அவர் இசைவின்றித் திரையில் இடக் கூடாது. பேச்சின் நடுவில் சொல் வராமல் அவர் நின்றால், முன்வரிசையில் இருப்பவர் அதை எடுத்துக் கொடுக்கத் துடிக்காமல் காத்திருக்கட்டும். அந்த மௌனத்தில் அவர் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதை இளைஞர்கள் பார்ப்பது, அவர் பேசும் எதையும்விட அதிகமாகச் சொல்லும்.

ஹெப்பாளின் ஆலைகளிலோ பயிற்சி வளாகங்களிலோ பாதுகாப்பு வாரத்தில் இத்தகைய ஒருவரை அழைக்க நினைப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. ஒரு மணி நேரச் சொற்பொழிவை அவரிடம் எதிர்பார்க்க வேண்டாம், இருபது நிமிடங்கள் போதும். பெரும்பாலும் தாயோ மனைவியோ உடன் வருவார்கள். அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடாமல், விருப்பமிருந்தால் அவர்களும் சில வார்த்தை பேச இடம் தர வேண்டும், அந்தச் செவ்வாய்க்கிழமைகளை உடனிருந்து பார்த்தவர்கள் அவர்களே. உரை முடிந்ததும் அவர் சற்று நேரம் படுத்திருக்க ஓசையில்லாத ஓர் அறையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். ஒலிபெருக்கியும் கைதட்டலும் நாம் நினைப்பதைவிட அவரை அதிகமாகக் களைப்படையச் செய்யும்.